புயலுக்கு எல்லை இல்லை: பேரிடர் உதவிக்குப் பொதுவான கம்பியில்லாத் தொடர்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு மாநில எல்லை உண்டு. கடற்கரையில் அதே எல்லை பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே செல்கிறது. இருபுறத்து மக்களும் தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள். கொள்வினை கொடுப்பினையால் பிணைந்தவர்கள். எனினும், ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, தீயணைப்புத் துறை, மீன்வளத்துறை எல்லாம் இருபுறமும் வெவ்வேறானவை.

சாதாரண நாட்களில் இதனால் பெருந்தொல்லை ஏதும் இல்லை. பேரிடர் நாளில்தான் இப்பிரிவினையின் விலை தெரிகிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று குமரிமுனைக்குத் தெற்கே கடலில் விரைந்து வலுப்பெற்று ஒக்கிப் புயலாயிற்று. விழிஞ்ஞம், பூவாறு, பொழியூர்க் கரைகளிலிருந்தும், நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கரைகளிலிருந்தும் சென்ற மீனவர்கள் பலர் அதற்கு முன்பே கடலில் இருந்தனர். கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பிழைத்தவர் சிலர் இலட்சத்தீவிலும் மேற்குக் கரையின் பிற துறைமுகங்களிலும் கரையேறினர். காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதிலேயே அரசின் கணக்கும் கடலோர ஊர்களின் கணக்கும் பல நாட்கள் வேறுபட்டு நின்றன.

படகுகளில் கம்பியில்லாக் கருவி இல்லாமற்போனது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. மீன்பிடி படகுகளில் பெரிதும் பயன்படும் மிகு அதிர்வெண் கருவியின் அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டிலேயே செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். 4 மீட்டர் உயர அலைவாங்கி கொண்ட இரு படகுகள் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் அமைத்தாலும் எட்டும் தொலைவு 50 கிலோமீட்டர் அளவே. ஆழ்கடலில் பல நூறு கிலோமீட்டர் செல்லும் தூத்தூர்ப் பகுதி மீனவர்க்கு இது போதாது. படகுக்குப் படகு செய்தியைக் கைமாற்றிச் சொல்வதும், செயற்கைக்கோளின் துணையைப் பெறுவதுமே வழி.

கரையிலும் இடர்ப்பாடு உண்டு. எல்லையோரச் சிற்றூரில் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றுகிறதோ, அவசர அழைப்பும் அம்மாநிலத்துக்கே சென்றுவிடக்கூடும். காற்றில் மின்சாரம் அறுந்து கோபுரங்கள் ஓய்ந்துவிட்டால் அதுவும் இல்லை. அப்போது எஞ்சுவது அவரவர் துறையின் கம்பியில்லாக் கருவிதான். ஆனால் ஒரு துறையின் அலைவரிசையை மற்றொரு துறை கேட்க இயலாது. பாறசாலையில் நிற்கும் தீயணைப்பு வண்டியும் களியக்காவிளையில் நிற்கும் தீயணைப்பு வண்டியும், ஒன்றையொன்று காணும் தொலைவில் இருந்தாலும் பேசிக்கொள்ள இயலாத நிலை அதனால் ஏற்படும். 2006ஆம் ஆண்டு உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அரக்கோணம் அணி இரு மாநிலங்களுக்கும் விரைந்து வருவது. அவ்வணியோ இரு தரப்போடும் பேசியாக வேண்டும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வோர் அமைப்பும் மேலும் ஒரு கோபுரம் எழுப்புவது அன்று. பல அமைப்புகள் ஒரே வலையமைப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை உலகின் பல நாடுகளில் நிலைபெற்றுள்ளது. அதில் காவல்துறைக்கு ஒரு பேச்சுக்குழு, மருத்துவத்துக்கு ஒன்று, தொண்டு நிறுவனங்களுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கும். அனைவரும் சேர்ந்து பேசப் பொதுக்குழு ஒன்றும் இருக்கும். உயர்ந்த மலைச்சரிவில் அமையும் மறு அலைபரப்பு நிலையம் ஒன்று பல துறைகளுக்கும் உழைக்கும். கோபுரச் செலவு குறையும். அரிய பொருளான அலைவரிசையும் வீணாகாது.

ஆயினும் கருவி பாதிதான். 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவில், அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலிலும் கம்பியில்லாக் கருவி இருந்தது. அதை இயக்குபவர் உறங்கச் சென்றிருந்தார். அந்தத் துயரத்தின் பின்னரே, கப்பல்கள் இரவும் பகலும் செவிமடுக்க வேண்டும் என்னும் விதி பிறந்தது. இன்று 16ஆம் அலைவழி எந்த நாட்டுக் கப்பலுக்கும் பொதுவான அபாய அழைப்பு வழியாகும். பொதுவான வழி, பொதுவான சொற்கள், இடையறாத செவி ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிக் கம்பியில்லாத் தொடர்பு பயன்தராது.

தன்னார்வலர் பணியும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழுவினர் அத்தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். 2018ஆம் ஆண்டு கேரளப் பெருவெள்ளத்திலும் அமெச்சூர் வானொலியாளர்கள் இவ்வாறு உதவினர். இத்தகையோரைப் பேரிடர் வந்தபின் தேடுவதைவிட, முன்னரே பட்டியலிட்டு வலையமைப்பில் இணைத்துக்கொள்வது நன்று.

ஒக்கிக்குப் பின் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. கரையிலிருந்து செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் ஜெமினி கருவி 2019ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் படிப்படியாக 1 இலட்சம் மீன்பிடி படகுகளில் செய்திக் கருவி பொருத்தும் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்டது. இவை கடலில் உள்ளவனுக்கும் கரைக்கும் இடையே பாலம் அமைப்பவை. கரையில் உள்ள இரு கட்டுப்பாட்டு அறைகளுக்கு இடையிலான பாலத்தை நிருவாகமே அமைத்தாக வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இரு மாவட்டங்களுக்கும் பொதுவான ஓர் அலைவழி, இரு மொழியும் அறிந்த இயக்குநர்கள், எல்லையோர ஊர்களின் படகுகளையும் அவற்றில் சென்றோரையும் இருபுறமும் ஒரே படிவத்தில் எழுதும் பதிவேடு, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் மின்சாரத்தையும் கைபேசியையும் விலக்கி நடத்தும் கூட்டு ஒத்திகை ஆகியவையே தேவை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியிருக்கிறது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களின் ஆணையங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் இவ்வேலை தொடங்கிவிடும்.

பொழியூரிலிருந்தும் நீரோடியிலிருந்தும் புறப்படும் படகுகள் ஒரே கடலில் வலை வீசுகின்றன. ஆபத்தில் ஒன்றுக்கொன்று கயிறு எறிகின்றன. அவர்களைக் காக்கக் கடமைப்பட்ட அமைப்புகளும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் நிலையை அடைதல் வேண்டும்.