ஏலம் போன ஆழ்வார்

அந்தமானில் குடியேறிய நாம் ஊர்க்கோயிலை நினைவிலேயே வழிபடுகிறோம். நினைவுக்குச் சான்றும் வேண்டும் என்பதை ஒரு திருமேனி உணர்த்துகின்றது.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் ஊரின் திருமங்கையாழ்வார் வெண்கலத் திருமேனி 16ஆம் நூற்றாண்டினது. 1967இல் இலண்டன் சோத்பி ஏலத்தில் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதனை வாங்கிற்று. அத்திருமேனி 1957இல் அக்கோயிலிலேயே இருந்ததைக் காட்டும் நிழற்படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பேணப்பட்டிருந்தது. 2019இல் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதனைக் கண்டு கூறவே உண்மை வெளிப்பட்டது. 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருமேனியைத் திருப்பித்தர இசைந்தது.

கப்பலேறியபோது நாம் உடன்கொணர்ந்த பழைய திருவிழாப் படங்களின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதிவைப்போம். நாளை அவையும் சான்றாகக்கூடும்.