முறைக்குக் காத்திருத்தலும் முறை வந்தபின் விரைதலும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

 

கொரோனா என்னும் கொள்ளைநோயைப் பற்றி இன்று எதற்காகப் பேச வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். அந்நோய் குறித்த உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. முகக்கவசங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றோம், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், துன்பம் நீங்கிய பின்னர் அதன் படிப்பினையையும் மறந்துவிடுவது மனித இயல்பு. ஆகவே அக்காலத்தின் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றோம். தடுப்பூசிக்குத் தகுதி வரும்வரை நம் குடும்பங்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் காத்திருந்தார்களே, அந்தக் காத்திருப்பைப் பற்றியே நாம் பேச விழைகின்றோம்.

முதலில் அவ்வரிசையை நினைவுபடுத்திக் கொள்வோம். நமது நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோருக்கும், 45 வயது கடந்த இணைநோய் உடையோருக்கும் அனுமதி கிடைத்தது. ஏப்ரல் 1 முதல் 45 வயது கடந்த அனைவருக்கும் கதவு திறந்தது. 18 வயது நிரம்பியோருக்கு மே 1 முதல் எனக் கூறப்பட்டது; ஆனால் தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயதினருக்கான பணி மே 20 அன்றுதான் தொடங்கியது. கருவுற்ற தாய்மார்களுக்கு ஜூலை 2 அன்று அனுமதி வந்தது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளோ ஆண்டு முழுவதும் காத்திருந்தனர். 15 முதல் 17 வயதினருக்கு 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 அன்றும் முறை வந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பாலகர்களுக்கு அரசுத் திட்டத்தில் முறை வரவேயில்லை.

அன்றைய தினங்களில் பெற்றோர் பலரின் உள்ளத்தில் ஒரு குமுறல் இருந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டன. நவம்பர் 1 அன்று சிறு வகுப்புகளும் திறக்கப்பட்டன. அப்பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசி இல்லை. பேருந்திலும் வகுப்பறையிலும் நெருக்கியடித்து அமரும் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் முதியோருக்கு முன்னுரிமை கொடுப்பது என்ன நீதி என அவர்கள் வினவினர். பெற்ற வயிற்றின் வினா அது, அதனைப் பழித்தலாகாது.

ஆனால் விடை இருந்தது. இந்நோயினால் உயிர் போகும் வாய்ப்பு வயது ஏற ஏறப் பன்மடங்கு பெருகியது. இளம்பிள்ளைகளுக்கு அது மிகக் குறைவாக இருந்தது. மருந்து குறைவாகவும் தேவையுடையோர் மிகுதியாகவும் இருக்கும்போது, எவருக்கு அபாயம் மிகுதியோ அவருக்கே முதலில் வழங்குவது நீதியாகும். இரண்டாவது காரணமும் உண்டு. பெரியவர்களிடம் சோதித்த மருந்தை அப்படியே பிள்ளைகளின் உடலில் செலுத்திவிட இயலாது. 2 முதல் 18 வயதினரிடம் கோவாக்சினைச் சோதிக்க 2021 மே மாதம் அனுமதி வழங்கப்பட்டு, 525 தன்னார்வலர்களிடம் அது சோதிக்கப்பட்டது. பதின்வயதினருக்கான அனுமதி அவ்வாண்டு டிசம்பர் இறுதியில்தான் வந்தது. நம் பிள்ளைகள் காத்திருந்த மாதங்களில் ஒரு பகுதி, அவர்களுடைய பாதுகாப்பைச் சோதித்தறியச் செலவான மாதங்களேயாகும்.

நம் நாட்டு எல்லைக்கு அப்பாலும் இவ்வரிசை நீண்டிருந்தது. அமெரிக்காவில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 2021 மே 10 அன்று அனுமதி வழங்கப்பட்டது. அப்போது ஏழை நாடுகள் பலவற்றில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கே தடுப்பூசி எட்டியிருக்கவில்லை. நான்கு நாட்கள் கழித்து, உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் அவர்கள், செல்வ நாடுகள் தம் பிள்ளைகளுக்குச் செலுத்துவதை மறுபரிசீலனை செய்து, அம்மருந்தைக் கோவாக்ஸ் திட்டத்தின் வழியே ஏழை நாடுகளுக்கு வழங்குமாறு வேண்டிக்கொண்டார். அன்புச் சகோதரர்களே, சிந்தியுங்கள்! வரிசையில் நமக்கு முன்னே நிற்பவரைக் கண்டு நாம் பொறாமை கொள்ளலாம். நமக்குப் பின்னே நிற்பவரை எண்ணிப் பார்த்தோமா? தன் முறை வராதபோது சலுகை தேடி முந்துபவர், அபாயம் மிகுந்த மற்றொருவரின் ஹக்கை எடுத்துக்கொள்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும்.

இனி, காத்திருத்தல் என்பதன் பொருளுக்கு வருவோம். ஸப்ரு எனும் பொறுமையைக் கைகட்டிச் சும்மா இருத்தல் என நம்மில் பலர் விளங்கிக் கொண்டுள்ளனர். அவ்வாறன்று. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டே இறைவன் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காத்திருக்கும் வீட்டிலும் செய்வதற்குப் பணி இருந்தது. பிள்ளைகளுக்கு முறை வராத வீட்டில் தந்தைக்கு வந்திருந்தது; பாட்டனாருக்கு அதற்கும் முன்னரே வந்திருந்தது. அவர்கள் சென்று செலுத்திக்கொண்டார்களா என்பதே அன்றைய கேள்வி.

அந்நோயில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பெருந்துயரங்களில் ஒன்று, பெற்றோரை இழந்தது. இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்யப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021 மே 29 அன்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எத்தீம்களின் தலையைத் தடவிக்கொடுக்கக் கற்றுத்தந்த மார்க்கத்தில் பிறந்த நாம், நம் பிள்ளைகள் எத்தீம்களாகாமல் காக்கும் கடமையையும் உணர வேண்டாமா? தடுப்பூசி செலுத்தியவர்க்கு நோய் அறவே தொற்றாது என நாம் கூறவில்லை. தொற்றியதைக் கண்ணால் கண்டோம். கடும் நோயையும் மரணத்தையும் அது பெருமளவு தடுத்தது என்பதே உண்மை. 12 வயது நிரம்பாத பாலகனுக்கு எந்த ஊசியும் கிடைக்காத நிலையில், அவனைச் சூழ்ந்திருந்த பெரியவர்களின் எச்சரிக்கையே அவனுக்கு அரணாயிற்று.

ஆனால் நடந்தது என்ன? தகுதி வராதவர்கள் ஏங்கிக்கொண்டிருக்க, தகுதி வந்தவர்களில் பலர் தயங்கி நின்றனர். 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி செலுத்திக்கொண்ட நடிகர் விவேக் அவர்கள் 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். தமிழகமெங்கும் அச்சம் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபரில், அம்மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என ஆய்வுக்குழு தெரிவித்தது. ஆனால் இடையே கழிந்த ஏப்ரல், மே மாதங்கள்தாம் இரண்டாம் அலையின் கொடுமையான மாதங்கள். மருந்து எதுவும் தீங்கு சிறிதும் அற்றதன்று. கோவிஷீல்டு போன்றவற்றால் மிக அரிதாக இரத்தம் உறைந்ததும் பதிவாகியுள்ளது. அரிதான அபாயத்தையும் அருகிலிருந்த பேரபாயத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதற்கே அல்லாஹ் நமக்கு அறிவைத் தந்துள்ளான்.

மார்க்கத்தின் பெயராலும் ஐயங்கள் எழுந்தன. ரமலான் மாதம் 2021 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. 45 வயது கடந்தோருக்கு அப்போதுதான் முறை வந்திருந்தது. ஊசியால் நோன்பு முறியுமோ என்ற கேள்வி வந்தது. தசையில் செலுத்தப்படும் தடுப்பூசி உணவுமன்று, பானமுமன்று. அதனால் நோன்பு முறியாது எனச் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி உள்ளிட்ட அறிஞர்கள் முன்னரே விளக்கியிருந்தனர். ஹராமான பொருள் கலந்திருக்குமோ என்ற கேள்வி வந்தது. அவ்வாறு இருப்பினும், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மாற்று இல்லாதபோது அது ஆகுமானதே என ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா கவுன்சில் 2020 டிசம்பரிலேயே தெளிவுபடுத்தியிருந்தது. பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்கு முறை வந்தபோது, மலட்டுத்தன்மை உண்டாகும் என்ற வதந்தி கிளம்பிற்று. இதே வதந்தியைப் போலியோ சொட்டு மருந்தின் காலத்திலும் வடநாட்டில் பரப்பினர். அங்கே உலமாக்கள் முன்வந்து பள்ளிவாசல்களில் எடுத்துரைத்தனர். 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. சொட்டு மருந்து பெற்ற அப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃக் என்னுமிடத்தில் கேள்வியுற்றார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷி முதியோரிடமும் தனித்தனியே ஆலோசனை கலந்து, பின்னர் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தாம் ஓர் இறைவிதியிலிருந்து மற்றோர் இறைவிதியை நோக்கியே செல்வதாக விடை பகர்ந்தார்கள். நோய் விதியென்றால் அதற்கான மருந்தும் விதியே. கலீஃபாவாக இருந்தும் தாமே முடிவு செய்துவிடாமல், அறிந்தோரைக் கலந்த அப்பண்பையும் நாம் கவனித்தல் வேண்டும்.

காத்திருத்தலின் கனத்தை ஹஜ்ஜு ஆசையுடைய முதியோர் நன்கறிவர். 2020இல் சவூதி அரேபியாவுக்குள் இருந்த மிகச் சிலருக்கே ஹஜ்ஜு வாய்த்தது. 2021இல் அந்நாட்டில் வசித்த 60,000 பேருக்கு மட்டும் அனுமதி. அவர்களும் 18 முதல் 65 வயதுக்குட்பட்டுத் தடுப்பூசி செலுத்தியவர்களாக இருக்க வேண்டியிருந்தது. 2022இல் பத்து லட்சம் பேர் அனுமதிக்கப்பட்டும் 65 வயதுக்குட்பட்டோர்க்கே வழி திறந்தது. தடுப்பூசியில் முதலில் அழைக்கப்பட்ட முதியோர், ஹஜ்ஜில் கடைசியில் நிறுத்தப்பட்டனர். 2023இல்தான் அவ்வயது வரம்பு நீங்கிற்று. அதற்குள் நிய்யத்தோடு கபுருக்குச் சென்றோரும் உளர். இரு வரிசைகளுக்கும் அளவுகோல் ஒன்றே. அபாயம் எவர்க்கு மிகுதி என்பதே அது.

இறுதியாக ஜமாஅத்தார்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, மஹல்லாவின் ஒவ்வொரு குடும்பத்திலும் எவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்ற பதிவேடு நம்மிடம் இருத்தல் வேண்டும். 15 முதல் 17 வயதினருக்கு முறை வந்தபோது 2007 அல்லது அதற்கு முன் பிறந்தோர் என்பதே கணக்கு. அந்த வயதினர் தமிழ்நாட்டில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே செலுத்தினர். படிப்பை நிறுத்திவிட்டுக் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்க்கும் பிள்ளையை யார் தேடிச் செல்வது? அது ஜமாஅத்தின் பணியாகும்.

இரண்டாவது, கைப்பேசி இயக்கத் தெரியாத முதியோருக்கும் விதவைத் தாய்மார்களுக்கும் நம் வாலிபர்கள் துணை நிற்க வேண்டும். கோவின் தளத்தில் தொடக்கத்தில் ஒரு கைப்பேசி எண்ணில் நால்வரே பதிவு செய்ய முடிந்தது. ஆறு பேர் வாழும் வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் மற்ற இருவரின் கதி என்ன? அண்டை வீட்டார் ஒருவர் தம் எண்ணைத் தருவதே அங்கே பேருதவி. மூன்றாவது, முகாம் நடைபெறும்போது பெண்களுக்குத் தனியிடமும் பெண் செவிலியரும் அமையுமாறு நிர்வாகிகள் முன்கூட்டியே சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வசதி இன்மையாலேயே பின்வாங்கும் சகோதரிகள் உண்டு.

நான்காவது, அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களுக்கு எதிரான டிடி ஊசி இலவசமாகச் செலுத்தப்படுகின்றது. கைக்குழந்தைக்கு மறவாமல் போடும் நாம், மீசை அரும்பும் பிள்ளைக்கு மறந்துவிடுகின்றோம். இங்கே வரிசையுமில்லை, தட்டுப்பாடுமில்லை; முறை ஏற்கெனவே வந்துவிட்டது. இன்றிரவே வீட்டுக்குச் சென்று பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

முறை வராதபோது பிறர் உரிமையை மதித்துப் பொறுத்திருப்பது ஓர் அமானிதம். முறை வந்தபின் நம்மை நம்பியிருப்போருக்காக விரைந்து செல்வதும் ஓர் அமானிதம். இவ்விரண்டையும் பேணக்கூடிய ஜமாஅத்தாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! அந்நோயில் மறைந்த நம் சகோதர, சகோதரியரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுரை ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு நம்மைப் பாதுகாவலர்களாக ஆக்குவானாக! ஆமீன்.