இரண்டாம் பாகத்தைக் கீறியவர் யார்?



இலக்கியத் தொடரொன்றிலே கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வௌவால் வேடமிட்ட மனிதனையும், விரல் முட்டிகளிலே கத்தி முளைத்த மனிதனையும் பற்றி ஒரு தமிழாசிரியன் வானொலியிலே பேசுவது தகுமா என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். வீரர்களைப் பற்றி அதிகம் பேசமாட்டேன், அவர்களை வரைந்தவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று அவருக்குச் சமாதானம் கூறிவிட்டு வந்திருக்கிறேன்.

1996 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கொழும்பு வெள்ளவத்தையிலே ஓர் அறையில் நாங்கள் குடியிருந்த காலம். கனடாவிலிருந்து வந்த எங்கள் மாமா, அந்நாட்டுத் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த வீடியோக் கசெற் ஒன்றை எனக்கும் தம்பிக்கும் கொண்டு வந்தார். வீட்டுக்காரரின் டெக்கிலே போட்டால் நிறம் வரவில்லை. அவர்களுடைய பதிவுமுறை வேறு, நம்முடையது வேறு. படம் கறுப்பு வெள்ளையாகவே ஓடியது. இடையிடையே விளையாட்டுப் பொம்மை விளம்பரங்கள். அந்தக் கசெற்றில் இருந்தது ‘பட்மன்’ தொடரின் ஒரு கதை. ‘ஃபீட் ஒஃப் க்ளே’ என்பது தலைப்பு. இரண்டு பாகங்கள்.

கதை இதுதான். மற் ஹேகன் என்றொரு நடிகன். விபத்திலே அவன் முகம் சிதைந்துவிடுகிறது. வணிகன் ஒருவன் கொடுக்கும் களிம்பைப் பூசினால் முகத்தை வேண்டிய வடிவத்திலே பிசைந்துகொள்ளலாம். நடிகன் அந்தக் களிம்புக்கு அடிமையாகிறான். பின்னர் அந்த வணிகனின் ஆட்களே அவனைக் கொல்லும் நோக்கத்துடன் களிம்பை அவன் மேல் அளவுமிஞ்சி ஊற்றிவிட, உடம்பு முழுவதும் களிமண்ணாகிப் போகிறது. இனி அவன் எவனாகவும் மாறலாம். தானாக மட்டும் இருக்க முடியாது.

முதற் பாகத்தைப் பார்த்தபோது எனக்குக் கதைதான் பிடித்தது. உருவங்கள் விறைத்தபடி நடந்தன, முகத்தின் அளவு காட்சிக்குக் காட்சி மாறுவது போலிருந்தது. இரண்டாம் பாகத்தின் இறுதியிலே தொலைக்காட்சித் திரைகள் நிறைந்த கூடமொன்றில் அந்த நடிகன் முன்பு ஏற்ற வேடங்களையெல்லாம் பட்மன் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறான். அவற்றைக் கண்டதும் களிமண் உடம்பு தன் வசமிழந்து ஒவ்வொரு வேடமாக மாறுகிறது. ஒரு முகம் முடியுமுன்னே அதற்குள்ளிருந்து இன்னொரு முகம் பிதுங்கி வருகிறது. கறுப்பு வெள்ளையிலே பார்த்தும் எனக்கு உடம்பு கூசியது. தம்பி அப்போது சொன்னான்: “அண்ணா, இது வேற ஆள் கீறினது.” நான், “விசரா, ஒரே படம், ஒரே ஆள்தான்” என்றேன்.

அவன் சொன்னதுதான் சரி என்று அறிய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. முதற் பாகத்தை வரைந்தது தென்கொரியாவின் ஏகொம் நிறுவனம். இரண்டாம் பாகத்தை வரைந்தது யப்பானின் டோக்கியோ மூவி ஷின்ஷா. 1988 இல் வெளிவந்த ‘அகிரா’ என்ற புகழ்பெற்ற படத்தை உருவாக்கியவர்கள் இவர்கள். இரு பாகங்களுக்கும் இயக்குநர்களும் வேறு வேறு ஆட்கள். ஆனால் ‘அமெரிக்கக் கார்ட்டூன்’ என்று நாம் சொன்ன அந்தப் படத்தின் அசைவு எதுவும் அமெரிக்காவிலே வரையப்பட்டதல்ல.

இந்த வேலை நடைபெறும் முறையைச் சற்று விளக்க வேண்டும். கதை அமெரிக்காவிலே எழுதப்படும். நடிகர்களின் குரல் முதலிலேயே பதிவாகிவிடும். எந்தக் காட்சி எந்தக் கோணத்தில் என்று சிறு சிறு சித்திரங்களாகக் கட்டம் போட்டு வரைவார்கள். ஒவ்வொரு பாத்திரமும் முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் எப்படித் தோன்றும் என்பதற்கு மாதிரித்தாள்கள் உண்டு. எந்தச் சொல்லுக்கு வாய் எத்தனை சட்டம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்குத்தாள் உண்டு. இவையனைத்தையும் கட்டி ஆசியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் முக்கிய நிலைகளை ஒருவர் வரைய, அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை வேறு பலர் வரைந்து நிரப்பி, கண்ணாடி போன்ற தாள்களிலே படியெடுத்து, பின்புறமாக வர்ணம் பூசி, கமராவின் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடித்தார்கள். முடிந்த படச்சுருள் திரும்பவும் அமெரிக்காவுக்குப் போகும். பிழை இருந்தால், அதுவும் நேரம் இருந்தால், மீண்டும் வரையச் சொல்லி எழுதுவார்கள்.

ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைத்தாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். 22 நிமிடப் படம் ஒரு கணமும் ஓயாமல் அசைவதென்றால் 15,840 சித்திரங்கள். அவ்வளவு யாரும் வரைவதில்லை. உடம்பை நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைப்பார்கள், பின்னணியை மட்டும் நகர்த்துவார்கள். எதை எங்கே நிறுத்துவது என்பதிலேதான் வரைபவனின் கலை இருக்கிறது.

வேலை கடல்கடந்து போனதற்குக் காரணம் கூலிதான். ஹொலிவூட்டின் கார்ட்டூன் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து 1979 இலும் 1982 இலும் வேலைநிறுத்தம் செய்தது. 1982 இல் அது தோற்றது. அதன்பின் கேட்பாரில்லை. ஃபொக்ஸ் தொலைக்காட்சியிலே 1992 செப்ரெம்பர் 5 ஆம் திகதி தொடங்கிய பட்மன் தொடருக்கு முதலில் 65 பாகங்கள். வாரத்தில் ஐந்து நாள், பதின்மூன்று வாரம் என்பது அக்காலத் தொலைக்காட்சியின் கணக்கு. அத்தனையையும் ஒரே ஸ்ரூடியோ வரைந்து முடிக்க இயலாது. எனவே டோக்கியோ மூவி ஷின்ஷா, ஸ்பெக்ட்ரம், சன்ரைஸ், ஏகொம், டொங் யாங் என்று பல இடங்களுக்குப் பங்கிட்டார்கள். ஒரே ஏட்டைப் பல ஊர்களிலே பலர் படியெடுத்தால் என்ன நேரும் என்பது நம் பதிப்பாசிரியர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். கார்ட்டூனிலும் பாடபேதம் உண்டு, நேயர்களே!

அந்தத் தொடரிலே எனக்கு மிகவும் பிடித்த பாகம் ‘ஹார்ட் ஒஃப் ஐஸ்’. யப்பானின் ஸ்பெக்ட்ரம் நிலையம் வரைந்தது. எழுதியவர் போல் டினி, இயக்கியவர் புரூஸ் டிம். எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது. மனைவியை இழந்து, கடுங்குளிரிலே மட்டும் உயிர்வாழக்கூடிய ஒரு மனிதனின் கதை அது. அவன் முகம் ஏறக்குறைய அசைவதே இல்லை. சிக்கனத்துக்காக முகத்தை நிறுத்திவைக்கும் மலிவான உத்தி இங்கே அந்தப் பாத்திரத்தின் துயரமாகவே மாறிவிடுகிறது. கடைசியிலே சிறைக்கூண்டுக்குள் அவன் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழைக் கையிலே வைத்தபடி இருக்கிறான். அதனுள்ளே ஒரு நடனப்பெண்ணின் உருவம். இதைவிடக் குறைவாக வரைந்து இதைவிட அதிகமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

புரூஸ் டிம் வகுத்த உருவங்களிலே கோடுகள் மிகக் குறைவு. அகன்ற தாடை, இரண்டு மூன்று வளைவுகள், அவ்வளவுதான். கடலுக்கு அப்பாலிருக்கும், தன் மொழி தெரியாத ஒரு கை, அவசரத்திலே வரைந்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாத உருவங்கள் அவை. அதே 1992 இல் வந்த ‘எக்ஸ்-மென்’ தொடர் இதற்கு நேர் எதிரானது. சித்திரக்கதைப் புத்தகத்தில் இருந்தபடியே, பட்டிகளும் பைகளும் தசைக்கோடுகளுமாக உருவங்கள். ஒரு காட்சியிலே ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு கோட்டையும் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை யாரோ ஒருவர் வரைய வேண்டும். அந்தத் தொடரை வரைந்ததும் ஏகொம் நிறுவனமே. முதற் பாகம் பிழைகள் மலிந்து திரும்பி வந்தது. திருத்துவதற்கு நேரமில்லை. 1992 ஒக்ரோபர் 31 ஆம் திகதி பிழைகளோடேயே ஒளிபரப்பாகி, பிற்பாடுதான் திருத்திய படி வந்தது. கொரியாக்காரன் வரைந்தால் இப்படித்தான் என்ற பேச்சு ரசிகர்களிடையே அன்று எழுந்தது. இன்றும் முற்றாக ஓயவில்லை.

இவ்விடத்திலே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் அப்பா யாழ்ப்பாணத்திலே அச்சுக்கோப்பாளராக இருந்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிப்பார். 1993 இல் என்று நினைக்கிறேன், எழுத்தாளர் ஒருவரின் நூலை இரண்டு வாரத்திலே முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. கைப்பிரதி பாதி பாதியாக வந்தது. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கிலே இரவிரவாக அப்பா எழுத்துக் கோத்தார். வெளியீட்டு விழாவிலே அந்த எழுத்தாளர், நூலின் நயங்களுக்குத் தாம் பொறுப்பு என்றும், பிழைகளுக்கு அச்சுக்கோத்தவர் பொறுப்பு என்றும் சொன்னார். சபை சிரித்தது. பின்வரிசையில் இருந்த அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, கைப்பிரதியையும் நூலையும் பக்கத்திலே வைத்துக்கொண்டு பென்சிலால் அடையாளமிட்டார். நள்ளிரவுக்குப் பின் அம்மாவிடம், “என்ரை பிழை பதினொண்டு” என்றார். மொத்தம் எத்தனை என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே எனக்கு ஏகொம் நிறுவனத்தின் கணக்கையும் ஒருதரம் பார்க்கவேண்டும் போலிருந்தது. அதனை 1985 இல் நிறுவியவர் நெல்சன் ஷின். 1977 இல் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் ஒளிவாள்களுக்கு ஒளியூட்டிய கைகளில் அவருடையதும் ஒன்று. எக்ஸ்-மென்னின் முதற் பாகத்தைப் பிழைபட வரைந்த அதே நிறுவனம்தான், உலகமே சிரித்து ரசித்த ‘சிம்ப்சன்ஸ்’ தொடரையும் ஆண்டுக்கணக்காக வரைந்து வந்தது. சிம்ப்சன்ஸ் உருவங்கள் எளியவை. கோடுகள் எண்ணத்தக்கவை. கை மாறவில்லை. கொடுத்த சித்திரமும் கொடுத்த நேரமும் கொடுத்த காசும்தான் மாறின. இதனாலே எல்லாப் பழியும் நீங்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ‘ஃபீட் ஒஃப் க்ளே’யின் முதற் பாகம் இப்போது நிறத்தோடு பார்த்தாலும் எனக்குச் சுமாராகத்தான் தெரிகிறது. பதினொன்று பதினொன்றுதான்.

யப்பானியரின் கதை வேறு விதமாகத் திரும்பியது. யென்னின் மதிப்பு ஏறி, 1995 ஏப்ரலிலே ஒரு டொலருக்கு ஏறக்குறைய 80 யென் என்ற நிலை வந்தது. நன்றாக வரைந்தவர்களின் கூலி அமெரிக்கக் கொம்பனிகளுக்குக் கட்டுபடியாகவில்லை. அவர்களுக்குப் போன வேலையிற் பெரும்பங்கு கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தின் முடிவிலே ஓடும் பெயர்ப்பட்டியலில் இவர்கள் எல்லோருக்குமாகப் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். அதிலே கொம்பனியின் பெயர் இருக்கும், ஆட்களின் பெயர் அபூர்வமாகவே இருக்கும்.

நெல்சன் ஷின் முதுமையிலே ஒரு காரியம் செய்தார். பிறருடைய வீரர்களை வரைவித்துச் சலித்துப்போனாரோ என்னவோ, தம் நாட்டுப் பழங்கதை ஒன்றை முழுநீளப் படமாக்கினார். கண் தெரியாத தந்தைக்குப் பார்வை கிடைப்பதற்காகத் தன்னையே கடலுக்குப் பலியாக விற்றுக்கொள்ளும் சிம் சொங் என்ற பெண்ணின் கதை அது. வரைதல் வேலையில் ஒரு பகுதி வடகொரியாவிலே நடந்தது. 2005 ஓகஸ்ட் மாதம் தெற்கிலும் வடக்கிலும் அந்தப் படம் திரையிடப்பட்டது. எல்லையின் இரு பக்கத்துக் கைகளும் சேர்ந்து வரைந்த படம் என்பதற்காகவே அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன்.

2024 டிசம்பர் விடுமுறையிலே தம்பியின் வீட்டுக்கு, ரொறன்ரோவுக்குப் போயிருந்தேன். அவனுடைய மகன் ‘எக்ஸ்-மென் 97’ பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பழைய தொடரின் தொடர்ச்சியாக 2024 மார்ச்சில் வந்தது. அதே உடைகள், அதே பட்டிகள், அதே பைகள். இம்முறை சண்டைக் காட்சிகள் நீரோட்டம் போல ஓடின. இதையும் வரைந்தது கொரியர்களே. 2010 இல் தொடங்கப்பட்ட ஸ்ரூடியோ மிர் என்ற நிறுவனம். ரசிகர்கள் அந்தப் பெயரை இப்போது வாயாரப் புகழ்கிறார்கள்.

பாகம் முடிந்தது. பெயர்ப்பட்டியல் திரையின் மூலையிலே சுருங்கிப்போய், அடுத்த பாகத்துக்குத் தாவும் பொத்தான் வந்தது. பெறாமகன் ரிமோட்டைத் தூக்கினான். தம்பி அதை அவன் கையிலிருந்து வாங்கினான்.

“பொறடா, ஆர் கீறினது எண்டு பாப்பம்” என்றான்.