பத்துப் பிள்ளைகள் இருந்தால்



புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று, இன்று பட்டம் பெறும் நீங்கள் வந்த ஊர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா. இந்தக் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல் ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். தோட்டத்தின் பெயர் தமிழ். அவர் பெயர் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. காடு வெட்டி, குழி தோண்டி, கன்று வைத்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர், கல்லூரியை முடித்தும் பட்டம் வாங்காதவர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் நோயில் விழுந்தார். பட்டம் கைக்கு வரவில்லை. அதே மனிதர் 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல இவரைவிடப் பொருத்தமான ஆளை நான் அறியேன்.

வகுப்பறையிலிருந்து பேராயர் பதவிக்குப் போவது திருநெல்வேலிக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவித்த எட்வர்ட் சார்ஜென்ட், 1877 மார்ச் 11 அன்று கால்டுவெல்லோடு சேர்ந்து பேராயரானார். அன்று அசரியா மூன்று வயது நிரம்பாத குழந்தை. ஆனால் இந்தியாவில் அந்த வாசல் அசரியாவின் காலம் வரை வெள்ளைக்காரர்களுக்குத்தான் திறந்திருந்தது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷன் மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். முப்பத்தைந்து வயது அசரியா அவர்கள் முன் நின்று, நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகத்தை மறுக்கவில்லை, எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் பேசினார். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று கேட்டார். அவையில் பலருக்கு அது கசந்தது. நன்றியும் குறையாமல் தலையும் குனியாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்பது, துரைமாரின் பங்களா வாசலில் நின்ற பாட்டன்மாரின் பேரப் பிள்ளைகளான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதவி கிடைத்த பின் அவர் வாழ்ந்தது நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லில். பேச்சு தெலுங்கு, அதையும் கற்றுக்கொண்டார். மனைவி அன்பு மாரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படி ஏறியவர்; அவரும் கூடவே உழைத்தார். அவர்களை நாடி வந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள். நிலமில்லாக் கூலிகள். அவர்களுடைய சேரிகளுக்கு அவர் அனுப்பியது ஆசிரியர்களை. 1935 வாக்கில் அவருடைய பேராயத்தில் 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததும், தோர்ணக்கல்லில் பெரிய தேவாலயம் எழுந்ததும் சிறப்புத்தான். என் மனம் நிற்பது அந்த இரண்டாயிரம் பேரிடம்.

அவர் பேராயரான அதே 1912இல் இங்கே மலாயாவில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால், பள்ளி வைக்கும்படி தோட்டத்துக்கு உத்தரவிடலாம் என்றது. பத்துப் பிள்ளைகள்! நம் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் வேர் அந்த எண்ணில் இருக்கிறது. கட்டடம் என்றால் பல இடங்களில் ஒரு கொட்டகை. வாத்தியார் என்றால் சில இடங்களில் கங்காணி, சில இடங்களில் கிராணி, சில இடங்களில் நாலெழுத்துத் தெரிந்த பால்மரத் தொழிலாளி. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பால்மரம் வெட்டிவிட்டு, பிறகு வந்து பாடம் நடத்தியவர்களும் உண்டு. அவர்களைத் திரட்டவும் தாங்கவும் நமக்கு ஓர் அசரியா இருக்கவில்லை. தனித்தனியாக, தோட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள்.

என்னுடைய வாத்தியார் அப்படிப்பட்ட பரம்பரையின் கடைசித் தலைமுறை. ஒரே அறையில் மூன்று வகுப்பு. காலையில் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். பதில் வராத பெயரை இரண்டாம் முறையும் வாசிப்பார். பிறகு ஒரு பையனை லயத்துக்கு அனுப்புவார். அம்மா வெளிக்காட்டுக்குப் போயிருக்க, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் பிள்ளையை, தம்பியோடு சேர்த்தே கூட்டிவரச் சொல்வார். அந்தத் தம்பிகளில் ஒருவன் நான். பள்ளியில் பெயர் எழுதுவதற்கு முன்பே எனக்கு அங்கே ஒரு மூலை இருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் உங்கள் பெயர்களை இந்த மேடையில் வாசிப்பார்கள். இந்தப் பட்டியலில் இல்லாத பெயர்களும் உங்களுக்குத் தெரியும். முதலாம் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஐந்தாம் படிவத்துக்கு முன்பே நின்றுபோனவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிந்து, தாமான் வீட்டுக்கு மாறியபோது எங்கே போனார்கள் என்று நாம் விசாரிக்காதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் இப்போது படிக்கிறார்கள், அல்லது படிக்காமல் இருக்கிறார்கள்.

அங்கியைக் கழற்றிவைத்த பிறகு, இந்த வாரமே, அந்த வீடுகளில் ஒன்றுக்குப் போய்வாருங்கள்.