பூட்டிய அலமாரியும் புதிய கல்வியாண்டும்

(ஹாலிஎலையில், கல்லூரி நூலகச் சீரமைப்புக் குறித்துப் பெற்றோரும் பழைய மாணவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



புதிய கல்வியாண்டில் நமது கல்லூரி நூலகத்தைச் சீர்ப்படுத்த வேண்டுமென்று நாம் கூடியிருக்கின்றோம். சுவருக்கு வர்ணம் பூசுவோம் என்றார் ஒருவர். கண்ணாடி அலமாரி வாங்குவோம் என்றார் மற்றொருவர். கணினி வேண்டும் என்றார் இன்னொருவர். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், அவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று கேட்கின்றோம்: இருக்கின்ற அலமாரியின் சாவி எங்கே?

நாம் பயின்ற காலத்தில் நூல்களைக் கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தோம். பொறுப்பாசிரியரைக் குறைகூற நாம் வரவில்லை. இருப்பைக் கணக்கெடுக்கும் நாளில் ஒரு நூல் குறைந்தால் விடை சொல்ல வேண்டியவர் அவர். தம் சம்பளத்தில் கைவைக்கப்படுமோ என்று அவர் அஞ்சினார். எனவே பூட்டினார். பூட்டிய அலமாரியில் நூல் குறையவில்லை. இராமபாணப் பூச்சிதான் பெருகிற்று. வடகீழ்ப் பருவமழை ஊவாவில் எப்படிப் பெய்யும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? காற்றும் கையும் படாத நூல், இரண்டு மழைக்குப் பின் நூலாக இருப்பதில்லை.

ஆகவே நமது முதல் வேண்டுகோள் பணத்தைப் பற்றியதன்று, பொறுப்பைப் பற்றியது. இரவலாகச் சென்று திரும்பாத நூல்களின் விலையைப் பழைய மாணவர் நிதி ஏற்கட்டும். அந்த உறுதியை எழுத்தில் கொடுத்தால் சாவி தானே வெளியே வரும்.

வீட்டுக்கு நூல் கொடுப்பது ஏன் இவ்வளவு அவசியம்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், அடுப்பும் தொட்டிலும் பாயும் ஒன்றாயிருக்குமிடத்தில், பிள்ளைக்கு மேசையில்லை என்பது உண்மை. பள்ளி விட்ட பின் நூலகத்தைத் திறந்து வைத்தாற் போதாதா என்பர் நகரத்து நண்பர். நான்கைந்து மைல் ஏறிச் செல்லவேண்டிய சிறுமி, இருட்டுமுன் வீடு சேரவேண்டியவள், மாலை ஐந்து மணிவரை எவ்வாறு காத்திருப்பாள்? அவளுக்கு இடைவேளையில் திறந்த நூலகமும், பையில் வைத்துச் செல்ல ஒரு நூலுமே உதவும்.

இது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன், நூல் காக்கப்படுவதற்கன்று, பயன்படுவதற்கே என்பதை 1931இல் தமது ஐந்து விதிகளுள் முதல் விதியாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வண்டி போகாத மேட்டுத் தோட்டத்துக்கு நமது மாணவியின் புத்தகப்பை போகும் அல்லவா?

நூல்கள் குறைவு என்று தயங்குவோருக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவோம். க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியால் 1934இல் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் திறக்கப்பட்டதே யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. தமிழன் நெஞ்சில் ஆறாத புண் அது. அந்தப் பெருஞ்செல்வத்தின் தொடக்கமோ 844தான்.

என்ன நூல்களை வாங்குவது? பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள் வேண்டும். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் வேண்டும், அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் போதாத மலைநாட்டில் இரட்டிப்பாக வேண்டும். அத்துடன் நம்மைப் பற்றிய நூல்கள் வேண்டும். இதே ஹாலிஎலைக்கு அருகில், ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியையும் தந்தவர், 2013இல் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது பெற்றவர், 2022இல் மறைந்தார். கோயம்புத்தூர் வாசகன் அறிந்த அவரை ஹாலிஎலைச் சிறுவன் அறியாதிருப்பது யாருக்குப் பெருமை? சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் அந்தத் தட்டில் இருக்கவேண்டும். அவை நம் பாட்டிமார் கொழுந்துக் கூடையுடன் சுமந்து திரிந்தவை.

வழக்கறிஞர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! நீங்கள் படித்து முடித்த நூல்களைத் தாருங்கள். பழைய நாட்காட்டியையும் கிழிந்த சஞ்சிகையையும் தந்து தானக்கணக்கில் எழுதவேண்டாம். (சிரிப்பு) கோவாவும் உருளைக்கிழங்கும் பயிரிடும் அன்பர்களே! பயிர்நோயைப் பற்றிய ஒரு தட்டு வையுங்கள் என்று நீங்கள் கேளுங்கள். உங்கள் மகன் எடுத்துவந்து வாசித்துக் காட்டட்டும். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலமாரிகளை வெளியே எடுத்து, நூல்களைத் தூசு தட்டிக் காற்றாட வைத்து எண்ண இருக்கின்றோம். ஒரு துணியுடன் வாருங்கள். தச்சுவேலை தெரிந்தவர் சுத்தியலும் கொண்டுவரலாம். கீழ்த்தட்டுகளைக் கறையான் அரித்துவிட்டது.