கூக்கால் ஏற்றத்துக்குப் பழைய டீசல் கார்

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டிக் கூக்கால் போகும் பாதை முழுக்க வளைவும் ஏற்ற இறக்கமும்தான். அங்கே குடும்பத்துக்குப் பழைய டீசல் கார் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்.

வண்டி பார்க்க விடியற்காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிரில் அந்தச் சூட்டுக்குத் துணை நிற்பது குளோ பிளக். அது பழுதாகியிருந்தால் மலைக்குளிர் காட்டிக்கொடுத்துவிடும்; மதிய வெயிலில் தெரியாது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்துபோக, வண்டி சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே மெதுவாகச் சுற்றினால் அடைத்துக்கொள்ளும். மாற்றச் செலவு அதிகம். வளைவுகளால் சீரான வேகம் கிடைக்காத கூக்கால் பாதைக்கு, நன்றாகப் பராமரித்த, முந்தைய விதிப்படி வந்த பி.எஸ்.4 வண்டியே மேல் என்பேன். ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

மலையில் கிளட்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.