விசையும் இயக்கமும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பேச வருவோர் வாழ்த்துரை வழங்கி அமர்வது வழக்கம். சங்கப் பொறுப்பாளர்களோ நம்மிடம் வேறொன்று வேண்டினர். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் நம் பிள்ளைகள் அறிவியலில் எங்கே இடறுகிறார்கள் என்பதைப் பெற்றோருக்கும், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும் விளங்கும்படி எடுத்துரைக்கச் சொன்னார்கள். இடறும் இடங்கள் பல. அவற்றுள் முதலாவது ‘விசையும் இயக்கமும்’ என்னும் பாடம். ஆகவே இன்று வாழ்த்துரைக்கு மாற்றாக ஒரு வகுப்பே நடத்த எண்ணுகிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

தொடங்குமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது கடமை. நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். ஆயினும், நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் நெடுநாள் நிரப்பப்படாமல் இருந்தபடியால், ஏழாம் வகுப்பு அறிவியலையும் நாமே நடத்த நேர்ந்தது. நாம் செய்தது என்ன? இலக்கணங்களைக் கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். “விசை என்றால் என்ன?” என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். நாமும் மகிழ்ந்திருந்தோம்.

ஒரு நாள் விளையாட்டு வேளையில், உதைக்கப்பட்ட பந்து உருண்டு வந்து நம் காலடியில் நின்றது. “இது ஏன் நின்றது?” என்று பிள்ளைகளைக் கேட்டோம். எல்லாவற்றையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவி ஒருத்தி, “உதைத்தபோது கொடுத்த விசை தீர்ந்துவிட்டது, ஐயா” என்றாள். மற்றவர்களும் ஆம் என்றனர். உண்மையைச் சொல்வதானால், நம் மனத்திலும் அந்த விடையே இருந்தது. அன்றிரவு பாடநூலை மறுபடியும் படித்தபோதுதான், நாம் நடத்திய பாடம் நமக்கே விளங்கவில்லை என்பது தெரிந்தது.

இது சிறிய குறை அன்று. ஒப்பித்தே எட்டாம் வகுப்பைக் கடந்துவிடலாம். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் பிரிவின் வாயிலில் அந்தப் பிள்ளை நின்றுவிடும். “அறிவியல் நமக்கு வராது” என்று தானே சொல்லத் தொடங்கும். வராதது அறிவியல் அன்று. வந்து சேராதது விளக்கம். இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும்.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

ஒரு பொருள் தன் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது இயக்கம். அதை அளக்க இரண்டு வேண்டும்: தொலைவு, காலம். வீட்டிலிருந்து பள்ளி 3 கிலோமீட்டர் எனக் கொள்வோம். மாணவன் சென்று திரும்பினால் நடந்த தொலைவு 6 கிலோமீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டதால் அவனுடைய இடப்பெயர்ச்சி சுழியம். தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் செல்லும் சைக்கிள் விநாடிக்கு 5 மீட்டர் செல்கிறது. வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். திசைவேகம் மாறும் விகிதம் முடுக்கம். வேகம் கூடினாலும், குறைந்தாலும், திசை திரும்பினாலும் முடுக்கம் உண்டு. இவ்வளவும் கணக்கு, பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். இடறுவது அடுத்த படியில்.

விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல். அது செய்யும் பணி யாது? இங்கேதான் அந்த மாணவி இடறினாள். இயங்கிக்கொண்டிருக்கும் பொருளுக்கு விசை வேண்டும்; விசை தீர்ந்தால் பொருள் நின்றுவிடும் என்று அவள் எண்ணினாள். நண்பர்களே, அவள் எண்ணியது அறிவற்ற எண்ணம் அன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அவ்வாறே கருதினார். அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமான காலம் கற்றோர் பலர் அதையே ஏற்றிருந்தனர். அத்தகைய பிழையைச் செய்த பிள்ளையை ‘மக்கு’ என்று அழைக்க எந்த ஆசிரியருக்கு உரிமை உண்டு? அவள் கண்ணால் கண்டதைக் கொண்டு சிந்தித்திருக்கிறாள். இன்னும் ஒரு படி சிந்திக்க நாம் துணை செய்ய வேண்டும், அவ்வளவே.

அந்த அடுத்த படியை ஏறியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. சரிவான பலகையில் அவர் குண்டுகளை உருட்டிப் பார்த்தார். எதிரெதிராக இரண்டு சரிவுகள் இருந்தால், ஒன்றில் இறங்கும் குண்டு மற்றதில் ஏறத்தாழ அதே உயரத்திற்கு ஏறும். இரண்டாவது சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, அந்த உயரத்தை எட்டக் குண்டு மேலும் மேலும் நெடுந்தூரம் ஓடும். அச்சரிவை முற்றிலும் மட்டமாக்கிவிட்டால்? எட்டவேண்டிய உயரம் இல்லை. தடையும் இல்லை எனின், குண்டு நிற்கக் காரணமே இல்லை. தம் ஆய்வுகளை அவர் 1638ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதற்குப் பின் இங்கிலாந்தின் ஐசக் நியூட்டன், 1687ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இயக்கத்தின் மூன்று விதிகளை வகுத்துத் தந்தார்.

முதல் விதி கூறுவது இது: புறவிசை ஒன்று வந்து மாற்றாதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் நேர்க்கோட்டில் ஒரே வேகத்தில் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆக, விசையின் பணி இயக்கத்தைக் காப்பது அன்று, இயக்கத்தை மாற்றுவது. இந்த ஒரு வாக்கியம் விளங்கிவிட்டால் பாடத்தில் பாதி விளங்கிவிட்டது.

அப்படியாயின் பந்து ஏன் நின்றது? காலின் விசை, கால் பந்தைத் தொட்டிருந்த கணத்தில் மட்டுமே இருந்தது. தொடர்பு விட்டதும் அவ்விசையும் இல்லை. அதன்பின் பந்து ஓடியது தன் நிலைமத்தால். அதை நிறுத்தியது தரையின் எதிர்ப்பும் காற்றின் தடையும். இருந்த விசை தீர்ந்ததால் பந்து நிற்கவில்லை. எதிரான விசை செயல்பட்டதால் நின்றது.

இதைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நம் இளைஞர் மன்றத்தில் கேரம் பலகை இருக்கிறது. மாவு தூவாமல் ஒருமுறையும், தூவி ஒருமுறையும் காயைச் சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டும் விரல் அதுவே; காய் ஓடும் தூரம் வேறு. உராய்வு குறையக் குறைய ஓட்டம் நீள்வதைப் பிள்ளை தானே காணும். உராய்வே இல்லாத பலகை இருந்தால் என்னாகும் என்று கேளுங்கள்; கலிலியோ கண்ட விடையை அப்பிள்ளையும் சொல்லும். அத்தகைய பலகை விண்வெளியில் உண்டு. 1977ஆம் ஆண்டு ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம், பின்னிருந்து தள்ளும் எஞ்சின் ஏதுமின்றியே விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் சென்றுகொண்டிருக்கிறது.

நிலைமம் விளையாட்டுச் செய்தி மட்டும் அன்று. பேருந்தின் படிக்கட்டில் தொங்கிச் செல்லும் இளைஞர்களுக்கு இங்கே ஒரு சொல். பேருந்து வளைவில் திரும்புகிறது. உங்கள் உடலோ நேராகவே செல்ல முயல்கிறது. உங்களைத் திருப்பும் விசையைத் தரவேண்டியது கம்பியைப் பிடித்திருக்கும் கை ஒன்றே. கை வழுக்கினால் நியூட்டனின் விதி யாருக்கும் விலக்களிப்பதில்லை.

இரண்டாம் விதி அளவைப் பற்றியது. விசை கூடினால் முடுக்கம் கூடும். நிறை கூடினால் முடுக்கம் குறையும். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. 50 கிலோகிராம் நிறையுள்ள தள்ளுவண்டியின் மீது, உராய்வைக் கழித்தபின் எஞ்சும் விசை 50 நியூட்டன் எனின், முடுக்கம் விநாடிக்கு விநாடி 1 மீட்டர். மேலும் 50 கிலோகிராம் சரக்கேற்றி, எஞ்சும் விசையை அதே அளவில் வைத்தால், முடுக்கம் பாதியாகிவிடும். ஒரு நியூட்டன் என்பது எவ்வளவு? ஏறத்தாழ 100 கிராம் பொருளைக் கையில் ஏந்தினால் உணரும் பாரம். அந்தப் பாரத்தைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் பிறகு அலகின் பெயரைச் சொல்லுங்கள், மறக்காது.

நிறையும் எடையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. எடை என்பது அதனைப் புவி இழுக்கும் விசை. 1 கிலோகிராம் நிறையின் எடை இங்கே ஏறத்தாழ 9.8 நியூட்டன். நிலவிற்குக் கொண்டு சென்றால் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும், நிறை மாறாது.

மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. இவ்விடத்தில் கூர்மையான பிள்ளை ஒரு வினா எழுப்பும். “மாடு வண்டியை இழுக்கும் அதே அளவிற்கு வண்டியும் மாட்டைப் பின்னோக்கி இழுக்குமானால், வண்டி நகர்வது எப்படி?” இவ்வினாவைக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள்; அன்றைய வகுப்பில் பாடத்தைக் கவனித்தது அந்தப் பிள்ளைதான். விடை இது: அவ்விரு விசைகளும் ஒரே பொருளின் மீது செயல்படவில்லை. ஒன்று வண்டியின் மீது. மற்றொன்று மாட்டின் மீது. ஆகையால் ஒன்றையொன்று அழிப்பதில்லை. மாட்டின் இழுப்பு வண்டியின் உராய்வை விஞ்சினால் வண்டி நகரத் தொடங்கும். மாடு முன்னேறுவதோ, குளம்பால் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை மாட்டை முன்னோக்கித் தள்ளுவதால். சேற்றில் உராய்வு குறைவு. அங்கே மாடும் வழுக்குகிறது, மனிதனும் வழுக்குகிறான். உராய்வு பந்தை நிறுத்துவதும் உண்மை. உராய்வின்றி நடக்க முடியாது என்பதும் உண்மை.

ஊதிய பலூனின் வாயைத் திறந்து விட்டால், காற்று ஒருபுறம் சீற, பலூன் மறுபுறம் பாயும். ஏவூர்தி எழும்புவதும் இதே விதியால்தான். 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. இறங்கும்போது தன் எஞ்சின்களின் எதிர்விசையால் வேகத்தைத் தணித்துக்கொண்டே இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோவில் தொடங்கியவர். வழி அங்கிருந்தும் உண்டு என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். “நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லித் தர முடியும்?” என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. பெரும் பாறையைப் பெயர்க்கக் கடப்பாரையின் அடியில் சிறு கல்லை அண்டை கொடுப்பவர் யார்? கனத்த பீப்பாயைத் தூக்காமல், பலகை சாய்த்து லாரியில் உருட்டி ஏற்றுபவர் யார்? அப்பலகையின் கணக்கைப் பாருங்கள். 50 கிலோகிராம் பீப்பாயை 1 மீட்டர் உயரத்திற்கு நேராகத் தூக்க 490 நியூட்டன் விசை வேண்டும். 3 மீட்டர் நீளப் பலகையில் மெல்ல உருட்டினால், உராய்வை நீக்கிப் பார்க்க, ஏறத்தாழ 163 நியூட்டன் போதும். விசை மூன்றில் ஒன்று. செல்லும் தூரம் மூன்று மடங்கு. செய்த வேலை இரண்டிலும் 490 ஜூல். உங்கள் கைகள் அறிந்த இதற்குப் பெயரும் அளவும் தருவதே பள்ளியின் பணி. மாலையில் பிள்ளையிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். எங்கே பாரம் கூடுகிறது, எப்படிக் குறைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

சுமப்பதைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் முன்னோர் சுமந்தது போதும். சுமையின் கணக்கை அறிந்தவன் பலகையைச் சாய்ப்பான், கப்பியை அமைப்பான், பளுதூக்கியை வடிவமைப்பான். அக்கணக்கு நம் பிள்ளைகளின் கையில் வர வேண்டும் என்பதே நம் கவலை.

ஆகவே சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். மாலை வகுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்: கோலிக்குண்டு, பலகை, சுருள்வில் தராசு, கப்பி, கயிறு, பலூன். பெருஞ்செலவு ஆகாது. இரண்டாவது, இலக்கணத்தை ஒப்பிக்கச் செய்யுமுன் “ஏன்?” என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பிழையான விடையையும் இறுதிவரை கேளுங்கள். மூன்றாவது, பெட்டியைத் திறக்கும்போது பெண்பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது. அவர்கள் கையாலும் செய்து பார்க்கட்டும்.

பந்து ஏன் நின்றது என்று அன்று பிழையாகச் சொன்ன அந்த மாணவியிடம், மறுநாள் வகுப்பில் நாம் நம் பிழையையும் ஒப்புக்கொண்டோம். “அப்படியானால் ஐயா, நிறுத்த ஆள் இல்லையென்றால் அது போய்க்கொண்டே இருக்குமா?” என்று கேட்டாள். ஆம் என்றோம். இந்த மாலை வகுப்புகளில் பயிலும் செல்வங்களுக்கும் அதையே சொல்லி, வெள்ளி விழாக் காணும் சங்கத்தை வாழ்த்தி விடைபெறுகிறோம்.